தண்ணீர்க் கணக்கு

தண்டையார்பேட்டையில் என் கடை.
ஆட்டோ, லாரி, பழைய புல்லட்,
எதன் முள் படுத்துக்கொண்டாலும் எழுப்பித் தருவேன்.
ஓடிய கிலோமீட்டரைக் குறைத்தும் தருவேன்.
போர்டில் அதை எழுதவில்லை.
எழுதாததற்குத்தான் அதிகம் பேர் வருகிறார்கள்.

டோரின் அம்மாள் கொண்டுவந்தது
சாசர் அளவில் ஒரு கறுப்பு வட்டம்.
வெள்ளை எண்கள், பன்னிரண்டு வரை.
"பன்னிரண்டுதானா?" என்றேன்.
"பாய்ப்படகுப்பா. அதுல பாதி வந்தாலே
நான் சிலுவை போட்டுக்குவேன்."

துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம்
டெலிபோன் இணைப்பு கொடுத்தவர்.
எவனோ வாடகை கட்டாமல் விட்டுப்போன படகை
ஓய்வுப் பணத்தில், ஏலத்தில் எடுத்திருக்கிறார்.
என்னைவிட மூன்று வயது மூத்த படகு.
புது மீட்டர் அறுபதாயிரம், சுங்கவரி தனி.
அதற்கு அடிப்பலகைத் துளையையும் அகலப்படுத்த வேண்டுமாம்.
"படகுல ஓட்டையைப் பெரிசாக்குறது
எனக்கு ஒத்துவரலப்பா."

ஜீரோ கேட்டில் பாஸ் வாங்க ஒன்றரை மணி நேரம்.
வரிசையில் நின்ற கண்டெய்னர் லாரிகளில்
பாதி எனக்குத் தெரிந்தவை.
அவை உண்மையில் ஓடிய தூரம்
எனக்கு மட்டும் தெரியும்.

தேசப்பன் மூச்சை அடக்கி முங்கினான்.
படகின் அடியில் விரல் நீள விசிறி ஒன்று
சுற்ற வேண்டும், சுற்றினால் மேலே முள் ஏறும்.
கொட்டலசு அப்பி விசிறியே தெரியவில்லையாம்.
மூன்று முறை முங்கிச் சுரண்டினான்.
முழங்கையில் ரத்தத்தோடு ஏறி வந்து
"இப்ப சுத்துது" என்றான்.

முள் அசையவில்லை.

கேபிளை உருவினேன்.
சிரிப்பு வந்தது.
உள்ளே முறுக்குக் கம்பி, சதுர முனை, காய்ந்த கிரீஸ்,
ஆட்டோவில் நான் தினம் உருவும் அதே சாமான்.
கடலுக்கென்று எவனும் தனியாக யோசித்திருக்கவில்லை.
லாரிக் கேபிள் ஒன்றை அளவுக்கு வெட்டி
முனையைப் பழுக்கவைத்துத் தட்டிச் சதுரமாக்கினேன்.

முள்ளுக்குக் கீழே சின்ன ஜன்னல்.
போன தூரம்: 7316.
"சைபர் பண்ணிடவா?" பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.
ராங் நம்பர்காரனிடம் பேசுவதுபோல்
பொறுமையாகச் சொன்னார்:
"எதுக்கு? அவ போனது போனதுதானே."

ஞாயிறு பூசை முடிந்து கிளம்பினோம்.
அலைத்தடுப்பைத் தாண்டித் தெற்கே.
பாய் இரண்டு தரம் படபடத்து, பிறகு நிறைந்தது.
ஒன்று. இரண்டரை. ஐந்து.
எஞ்சின் சத்தமில்லாமல் ஏறுகிற முள்ளை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டோரின் அம்மாள் போனை எடுத்தார்.
போன் மூன்று என்றது.
"உன் மீட்டர் பொய் சொல்லுதுப்பா."

எத்தனை பொய்க்குக் கூலி வாங்கியிருப்பேன்.
ஒருவரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.
ஒன்றுமே கலக்காத இந்த ஒன்றுக்குச் சொல்கிறார்.
காது சுட்டது.

தேசப்பன் கையை நீட்டினான்.
"தோ, அந்த மிதவையப் பாரு."
நங்கூரமிட்ட வலை மிதவை.
ஓடாமல் நின்ற அதன் கழுத்தில்
தண்ணீர் பிளந்து வடக்கே போனது.
"தெண்டி. நம்மளப் பின்னால தள்ளுது.
மீட்டரு தண்ணிக் கணக்கு சொல்லுது,
போனு தரைக் கணக்கு.
ரெண்டுமே கரெக்டுதான்."

திரும்பும்போதும் முள் ஐந்திலேயே நின்றது.
போன் ஏழு என்றது.
அம்மாள் அதை அணைத்துப் பைக்குள் போட்டார்.
காசிமேட்டுப் பக்கம் ஐஸ் லாரி ஒன்று
விடாமல் ஹாரன் அடித்தது.
ஜன்னலில் 7325.
குறைத்தே பழகிய விரலால்
அதன் உப்பைத் துடைத்தேன்.

கடை வாசலில் ஒரு ஸ்விஃப்ட் நின்றது.
"தொண்ணூத்திரெண்டு ஓடியிருக்குண்ணா.
அம்பதாக்கணும்."
இப்போது முள் இல்லை, பல்சக்கரம் இல்லை.
லேப்டாப், ஒரு வயர், நாலு பட்டன்.
வழக்கத்தைவிட முந்நூறு கூடக் கேட்டேன்.

கொடுத்துவிட்டான்.