எண்ணிக்கைத் தாள்

சுவிண்டன் மருத்துவமனையின் அடித்தளத்தில்
கருவிகளைக் கழுவி, ஆவியில் வேகவைத்து,
எண்ணி அடுக்குவது என் வேலை.
தட்டுக்குப் பதினேழு.
செவ்வாய் மாலை மேலிருந்து இறங்கிய தட்டில்
பதினாறுதான்.

இடுக்கி ஒன்றைக் காணோம்.
ஃபோனில் கேட்டேன்.
"சுவரோரம் தேடிக்கொண்டிருக்கிறோம்"
என்றது ஒரு குரல், மிகவும் தணிந்து.

கிளெனிஸ் கையுறையைக் கழற்றாமலே சொன்னாள்:
மிஸ்டர் ஆல்சப்
பிராமிலிருந்து பொம்மைகளையெல்லாம்
வெளியே எறிந்துவிட்டார்.

நான் நம்பிவிட்டேன்.
அறுவை அரங்குக்குள் பிராம் எப்படிப் போனது?
யார் பிள்ளை?
துணிப் பொம்மை என்றால்
நூற்று முப்பத்துநான்கு டிகிரியைத் தாங்காதே?
இத்தனையையும் வாய்விட்டே கேட்டுத் தொலைத்தேன்.
கிளெனிஸ் சிரித்த சிரிப்பில்
அவள் முகக்கவசம் உப்பி உப்பி அடங்கியது.

பிறகு விளக்கினாள்.
தையல் நூல் சரியில்லையாம். வெளிச்சம் சரியில்லையாம்.
வயது ஐம்பத்தெட்டு. ஆறடி இரண்டங்குலம்.

எங்கள் பக்கம் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்,
முணுக்கென்று வரும்,
வந்தவன் வானத்துக்கும் பூமிக்குமாய்க் குதிப்பான்.
அவனே களைத்து உட்காருவான்.
இவர்களோ கோபத்துக்குச் சக்கரம் வைத்திருக்கிறார்கள்,
மழைக்கு மூடி,
பின்னால் தள்ளிக்கொண்டு வர ஓர் ஆள்.

அந்த ஆள்தான் என்னை விடவில்லை.
எறிந்தவர் இருக்கிறார், எறிந்தவை இருக்கின்றன.
குனிந்தவளுக்கு
அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் கிடையாது.

ஏழு மணிக்கு இடுக்கி வந்தது,
பிளாஸ்டிக் பையில், ஒரு தாடை வளைந்து.
கொண்டுவந்த பெண் புதியவள்.
இரண்டு முழங்காலிலும் தரையின் ஈரம்.

பேருந்து வரவில்லை. அடுத்ததும்.
ஃப்ளாட்டில் மறுபடி பாய்லர் அணைந்திருந்தது.
வீட்டுக்காரரின் குறுஞ்செய்தி:
அடுத்த வாரம் பார்க்கலாம்.
கையிலிருந்த டிபன் டப்பாவை விட்டெறிந்தேன்.

சுவரில் மோதிப் பிளந்தது.
மூடி மட்டும் சமையலறை முழுக்க வட்டமடித்து
யோசித்து யோசித்துப் படுத்தது.

கோட்டைக் கழற்றாமல் நின்றேன்
கொஞ்ச நேரம்,
யாரோ வந்து எடுப்பார்கள் என்பதுபோல.

பிறகு குனிந்தேன்.
டப்பா. மூடி. ஸ்பூன்.
ஃப்ரிட்ஜுக்கு அடியில்
தை மாதத்திலிருந்து தேடிய தோட்டின் திருகாணி.
பழக்கத்தில் எண்ணினேன்:
எறிந்தது மூன்று, கிடைத்தது நான்கு.
தாளில் அதற்குக் கட்டமில்லை.