மூடி

டிசம்பர் பிறந்தால் எங்கள் சாகாவுக்குச் சளி.
வெயில் காய்ந்த பகலில் ஒரே திருகில் எழும்.
சாயங்கால மழை பகாவ் மேல் இறங்கிவிட்டால்
கிர்கிர்கிர் என்று இழுக்கும், இழுக்கும்,
பிறகு தலையைக் குப்புறப் போட்டுவிடும்.

எண்பத்தொன்பதில் பிறந்த காடி.
கதவுக்குக் கதவு வேறு வெள்ளை.
போமன் ஆ கியோங் மோவாயைச் சொறிந்து
"பேட்டரி லா" என்றான், மாற்றினேன்.
"காயில் லா" என்றான், மாற்றினேன்.
மூன்றாம் முறை அவன் வாய் திறக்குமுன்
வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

செம்பனை ஆலையில் எடைமேடைக் கணக்கு எனக்கு.
லோரி நிறைந்து வரும்போது ஓர் எடை,
காலியாய்ப் போகும்போது ஓர் எடை,
கழித்தால் குலை.
கோளாறும் அப்படித்தான் பிடிபடும் என்று நம்பினேன்.
பெட்ரோல் வருகிறதா? வருகிறது.
பிளக்? நனைந்து நாறுகிறது.
காயில் ஒயரைக் கழற்றி இரும்போரம் பிடித்தேன்.
பொறி என் விரலைக் கடித்து
'இருக்கிறேன்' என்றது.
கழிக்கக் கழிக்க
மீதி மட்டும் வரவில்லை.

தகரக் கொட்டகையில் எட்டு ராத்திரி.
சாவி திருப்ப ஓர் ஆள் வேண்டுமே,
தவச்செல்வன் வந்து உட்கார்ந்தார்.
பேசவில்லை.
அவர் தம்பிக்கு நான் தரமாட்டேன் என்ற மூவாயிரம் வெள்ளி
பதினொரு நாளாக எங்களுக்கு நடுவே அமர்ந்து
சோறு தின்றுகொண்டிருந்தது.

பானெட்டுக்கு இந்தப் பக்கம் நான்.
"அடி."
கிர்கிர்கிர்.
"போதும்."
தகரத்தில் மழை.
"அடி."
"போதும்."
குடும்பம் நடத்த
இரண்டு சொல் தாராளம் என்று தோன்றியது.

ஒன்பதாம் ராத்திரி எங்கோ இடி விழுந்து
தாமான் முழுக்கக் கரண்டு போனது.
என் தலைக்கு மேல் தொங்கிய பல்பும் செத்தது.
பழக்க தோஷமோ, என் வாயசைந்ததாக நினைத்தாரோ,
சொல்லாமலே சாவியைத் திருப்பினார்.

அப்போது பார்த்தேன்.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் கருப்பு முதுகில்
நீலமாய் ஒரு நூல்
ஓடியது. நின்றது.
கிளை விட்டு மறுபடி ஓடியது.
பிளக்குக்குப் போகவேண்டிய பொறியெல்லாம்
ஈரம் கோத்த மயிரிழை விரிசலில்
மேய்ந்துகொண்டிருந்தது.
எட்டு ராத்திரி நான் விளக்கை ஏந்தித் தேடியது
விளக்கைக் கண்டுதான் ஒளிந்திருக்கிறது.

"ஏங்க, இங்க வாங்களேன்."

வந்தார்.
வந்தால் சாவி யார் திருப்புவது?
எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.
நான் போய் அவர் சூடு மாறாத இருக்கையில் அமர்ந்தேன்.
அவர் குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி,
கொஞ்சம் வெட்கத்தோடு,
"அடி" என்றார்.

அடித்தேன்.
'போதும்' வரவில்லை.
பானெட் இடுக்கில் அவர் தாடை
நீலமாகி, இருட்டி, நீலமாகி,
"அடேங்கப்பா" என்றார்,
"திருவிழா மாதிரி இருக்கு மேகலா."
பேட்டரி தொய்ந்து முனகுகிறது,
நிறுத்தவேண்டும் என்று எனக்குத் தெரியும்.
இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூடியைக் கழற்றி
பழைய பனியனால் ஈரம் ஒற்றி
மகள் விட்டுப்போன நெயில் பாலிஷ்,
ரோஜா நிறம், இரண்டு பூச்சு.
'தமிழ் நேசன்' கட்டு ஒன்றை உருவி
காயும்வரை விசிறினார்.

பேட்டரியில் உயிரில்லை. தள்ளத்தான் வேண்டும்.
கைலியைத் தூக்கிக் கட்டி
மழையில் அவர் தள்ள
சரிவில் இரண்டாம் கியர் போட்டு கிளட்சை விட்டேன்.
ஒரு விக்கல். இன்னொன்று.
பிறகு பழைய பானையில் கொதிக்கும் கஞ்சிபோல
தடதடவென்று பிடித்துக்கொண்டது.

நனைந்தபடி ஏறிக்கொண்டார்.
பேட்டரி ஏறட்டும் என்று
கோலபிலா சாலையில் கொஞ்ச தூரம் போனோம்.
மூவாயிரம் பற்றி அவர் கேட்கவில்லை,
நானும் எடுக்கவில்லை.
அது பின்சீட்டில்தான் இருந்தது.

ஆலை முக்கில் திரும்பும்போது
இடப்பக்கமிருந்து புதிதாக ஒரு கீச்சொலி.
"பெல்ட்டு" என்றார்.
"பேரிங்" என்றேன்.
"நாளைக்குப் பார்ப்போம்" என்றார்.