சிவப்புக் கோடு

ஒன்பதாங்கட்டையில்
போன வெள்ளம் எவ்வளவு உயரம் என்று
யாரையும் கேட்கக் கூடாது.
ஆளுக்கோர் உயரம் வைத்திருக்கிறார்கள்.

இரும்புக்கடை லோ கொடுத்த அரை டின் சிவப்புச் சாயம்,
மயிர் உதிரும் பிரஷ்,
பாலாய்ராயாவின் முன்தூண்.
கோடு போட வேண்டியது நான்.
அதை வைத்துத்தான்
எந்த வீடு முதலில் கிளம்புவது என்று
பொம்பாவில் கணக்குக் கேட்கிறார்கள்.

சந்தனமேரிக்கு அது ஐஸ்பெட்டியின் இரண்டாம் தட்டு.
கீரை நனைந்ததாம், மீன்குழம்பு தப்பித்ததாம்.
லோரி நாகேந்திரனுக்கு மார்பளவு;
இன்சூரன்ஸ் இன்னும் வரவில்லை.
புதுத் தாமானில் மூன்று வீடு வாடகைக்கு விட்டிருக்கும் ஆசிர்வாதம்
கணுக்காலைத் தாண்டவே இல்லை.
வாசுகி டீச்சர் நாட்காட்டியைச் சொன்னார்:
இருபதிலிருந்து கீழே எல்லாத் தேதியும் ஈரம்,
பதின்மூன்று காய்ந்தே இருந்தது.
எந்த ஆணியில் மாட்டியிருந்தார் என்பதுதான்
மறந்துவிட்டது.

கையில் ஒரு தாளும் இருந்தது. அறுபத்திரண்டு வீடு.
படி இறங்க முடியாதவர் யார்,
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் யாருக்கு,
ஐசி பிளாஸ்டிக் உறைக்குள் போயிற்றா,
மருந்து, டார்ச், பால்மாவு,
நாயை யார் தூக்குவது.
பதினேழாம் வீட்டில் 'எல்லாம் ரெடி' என்று திறந்த பையில்
கல்யாண ஆல்பமும் டிவி ரிமோட்டும்.
ரிமோட்டை மட்டும் வெளியே எடுத்து வைத்தேன்.

தூணடியில் சண்டை முற்றியபோது
சைக்கிளில் ஒரு காலை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தான் ஒருவன்.
பழம் வெட்டுகிறவன்.
ஆலைத் தராசுக்குப் பின்னால் கண்டெய்னரில் இருக்கிறவன்.
"மாரி, கக்கா" என்றான்.
வா என்கிறான்.
என் காதில் மழை விழுந்தது.

கண்டெய்னரின் உள்சுவரில்
ஆணியால் கீறிய வரிகள்.
இரவு பத்து. பதினொன்று. பன்னிரண்டரை.
மேல்கட்டிலுக்கு நாலு விரல் கீழே கடைசி வரி;
அதற்கு மணி இல்லை, போன் செத்துவிட்டதாம்.
இரண்டு மேல்கட்டிலில் பதினொரு பேர்
விடியும்வரை
முழங்காலைக் கட்டிக்கொண்டு.
அதைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை.
டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டான்.

நாகேந்திரன் மூன்று கண்ணாடிக் குழாயை ஒட்டுப்போட்டு
தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்தார்.
ஒரு முனை அங்கே, ஒரு முனை தூணில்.
குழாய்க்குள் கொஞ்சம் ஆடி, நின்றது.
தன் உயரத்தை
தண்ணீரே சொல்லிவிட்டது.

நூற்று நாற்பத்தாறு சென்டிமீட்டர்.
ஆசிர்வாதம் தூணோடு ஒட்டி நின்று பார்த்தார்.
கோடு கழுத்தில் வந்தது.
சட்டையின் மேல்பட்டனைப் போட்டுக்கொண்டு
யாருக்கோ போன் செய்யப் போனார்.

அறுபத்திரண்டுக்குக் கீழே இடமில்லை.
தாளைத் திருப்பினேன்.
ரெசாவுல், மொனிருல், ஷபிகுல்...
எழுத்துக்கூட்டிச் சொன்னான், இரண்டு தடவை அடித்தேன்.
நீந்தத் தெரிந்தவர் என்ற கட்டத்தில்
விரல்விட்டு எண்ணி
ஒன்பது என்றான்.

முன்பக்கம் முழுக்கத் தேடியும்
எனக்கு ஏழுதான் கிடைத்திருந்தது.