அங்க அடையாளம்

நாலு மில்லிமீட்டர்.
குருணை அரிசியைவிடக் கொஞ்சம் நீளம்.
கன்னடியன் கால்வாய்க் கரையில்
தும்பைக்கு ஒரு சாண் மேலே
ஆணியில் மாட்டியதுபோல் நிற்கும்.
நான் மூச்சு விட்டால்
ஆணியோடு இடம் மாறும்.

பறக்கும் எறும்பென்றுதான் முதலில் நினைத்தேன்.
தேனீக்கு இரண்டு ஜோடி இறகு, இதற்கு ஒன்று:
அதுவரை நானே கண்டுபிடித்தேன்.
மேற்கொண்டு சொன்னவர்
பாளையங்கோட்டைக் கல்லூரியில் பூச்சி பார்க்கும்
மரிய செல்வராணி.
படம் அனுப்பினால் பதினொரு மணிக்குமேல் பதில் வரும்,
பிள்ளை தூங்கிய பிறகு.

"முதுகு மட்டும் விழுந்திருக்கிறது. முகம் பக்கவாட்டில் வேண்டும்."
"பின்னங்கால் தொடையை இலை மறைக்கிறது."
"கண் இரண்டும் உச்சியில் ஒட்டியிருந்தால் ஆண்.
உங்கள் படத்தில் வெயில்தான் ஒட்டியிருக்கிறது."

சேரன்மகாதேவியில் ஸ்டுடியோ வைத்து
இருபத்திரண்டு வருஷம்.
காது தெரியணும், பல் தெரியக்கூடாது,
பின்னால் வெள்ளை என்று
ஊரையே நிமிர்த்தி உட்கார வைத்தவன்.
என் படத்தில் ஆள் தெரியவில்லை என்று
ஒருத்தர் சொன்னதில்லை.

கார்த்திகையில் மழை விட்ட நாலு நாள்,
பிசான நடவு முடிந்த வரப்பில்
முழங்கால் புதைய உட்கார்ந்தேன்.
கறுப்பு 1, கறுப்பு 2 என்று
நாற்பத்தேழு வரைக்கும் பேர் வைத்தேன்.
முப்பதில் வெறும் தும்பை.

இறகின் நடுவே ஒரு நரம்பு உண்டாம்.
எங்கிருந்தும் புறப்படாது,
எதிலும் போய்ச் சேராது.
போலி நரம்பு என்று பேர்.
அந்தப் போலி இருந்தால்தான்
இந்தக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.
பதினேழாவது படத்தில் அது இருந்தது.
பாதி ஷட்டரை இறக்கிவிட்டு
எதிர்க்கடை மாசானமுத்துவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.
கண்ணாடியைப் போட்டுப் பார்த்தான்.
"இது ஈயில்லா அண்ணாச்சி" என்றான்.

"பதினேழை வைத்துப் பேரினம் சொல்லலாம். பராகஸ்."
பூந்தூளுக்குப் பராகம் என்று ஒரு பேர் இருப்பதால்
அந்நியமாகப் படவில்லை.
"இனம் எதுவென்று படத்தில் தெரியாது.
பிடித்து, கொன்று,
வயிற்று நுனியைப் பிரித்துப் பார்க்கணும்.
செய்வீர்களா?"

அன்றைக்குப் பதில் போடவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே கரை.
ஏட்டு பைக்கில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்.
மதகில் ஒதுங்கிக் கிடந்தது.
"மூஞ்சி மட்டும் எடும்வே, போதும்."
நேராக ஒன்று எடுத்தேன்.
அதைத்தான் நோட்டீஸில் போட்டார்கள்:
கறுப்பு நிறம். ஐந்தடி நாலங்குலம்.
வயது சுமார் ஐம்பது.
அங்க அடையாளம்: இல்லை.
யாரும் வரவில்லை.

நேற்று பழைய டிஸ்க்கைக் குடைந்து
அந்தப் படத்தைத் திறந்தேன்.
இடது காதுக்குக் கீழே ஏதோ பச்சை,
பச்சை குத்திய எழுத்தாக இருக்கலாம்,
பாசியாகவும் இருக்கலாம்.
தலையை ஒருக்களித்து இன்னொன்று எடுத்திருந்தால்.
அரை நிமிஷ வேலை.

மேல் மூலையில் தும்பை.
அதற்கு ஒரு சாண் மேலே கறுப்பாய் ஒரு பொட்டு.
லென்ஸில் தூசி என்று
அன்றைக்கு விட்டிருப்பேன்.
பெரிதாக்கப் பெரிதாக்கக்
கட்டங்கட்டமாக உடைந்தது.

ஆளை வெட்டிவிட்டு
மூலையை மட்டும் அனுப்பினேன். கறுப்பு 48.
பதினொன்றே முக்காலுக்கு வந்தது:
"இதில் ஒன்றும் சொல்ல முடியாது.
எங்கே, எப்போது எடுத்தது?"

அது தெரியும்.
மதகு, தேதி, காலை ஏழு இருபது.
எழுதி அனுப்பினேன்.