இடது பின்னங்கால்

மார்ச் மாதம். ஏரிப்பனி இன்னும் டிராக்டரைத் தாங்கும்.
கைனூ வட்டார மாடு வளர்ப்போர் சங்கம்
நூலகத்தின் பின்னறையில் கூடுகிறது.
பதினேழு பேர். ஈரக் கம்பளி வாடை.
செயலாளர் நான், பேரேடு என் மடியில்.

எங்கள் மாடு மோழை.
விலா இரண்டும் செவலை,
முதுகு நெடுக வெள்ளை:
பொத்தல் விழுந்த மாவு மூட்டையை யாரோ
கழுத்திலிருந்து வால்வரை இழுத்துப் போனதுபோல்.
பால் குறைவு, பிடிவாதம் கூடுதல்.
பின்னதில் சங்கத்தாரும் அப்படியே என்றார்
கால்நடை அலுவலர் ஒருவர், ஒரே ஒருமுறை.
அடுத்த ஆண்டு அவருக்குக் காப்பி தீர்ந்துபோயிருந்தது.

பெயர், எண், தலைக்கணக்கு வாசிக்கிறேன்.
தைஸ்தோ கெரானென், நான்காம் எண், இருபத்திரண்டு.
ஐரி ஹெய்க்குரினென், முப்பதாம் எண், மூன்று; ஒன்று சினை.
ஒர்வோக்கி மொய்லனென், பதினோராம் எண்...

"பூஜ்யம்" என்றாள் அவளே, சத்தமாக,
பையிலிருந்து பின்னல் ஊசியை எடுத்தபடி.

நவம்பரில் கடைசி மாட்டையும் விற்றுவிட்டாள்.
வாளியோடு வழுக்கி விழுந்ததும் இடுப்பெலும்பும்
எல்லாருக்கும் தெரியும்.
விதி மூன்று, உட்பிரிவு இரண்டும் தெரியும்:
மாடில்லாதவர் உறுப்பினர் இல்லை.
எழுபத்தொன்பதில் அதை எழுதியவளே அவள்தான்,
மாட்டுப் படம் மட்டும் மாட்டி வைத்திருந்த
ஒரு நகரத்து வக்கீலை வெளியே தள்ள.

காப்பிக் கெண்டி மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

தைஸ்தோ எழுந்தான்.
பத்தொன்பது வருஷமாக இருவரும்
வானிலை தவிர வேறெதுவும் பேசியதில்லை.
அவனுடைய பொலிகாளை அவள் வேலியைத் தாண்டி
மூன்று கிடேரிகளைச் சினையாக்கிவிட்டது.
கன்றுகள் மூன்றும் தேறின, நல்ல கன்றுகள்,
அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

"என் தொழுவத்தில் ஒரு கிடேரி இருக்கு" என்றான்
ஜன்னலைப் பார்த்து.
"அதில் கால் பங்கு இவள் பேரில் எழுதிக்கொள்."

"எந்தக் கால்?" என்றாள் ஒர்வோக்கி.

அதற்கு நாற்பது நிமிஷம் ஆனது.
முன்னங்கால் என்றால் வாய்ப்பக்கம், தீனிச் செலவு அவளுடையது.
பின்னங்கால் என்றால் மடியில் ஒரு காம்பு சேரும்,
சாணியும் சேரும் என்றார் பொருளாளர்.
ஐரி கரும்பலகையில் மாடு வரைந்தாள்;
கொம்பில்லாமல் அது பன்றியாகத் தெரிந்தது.
பின்னங்கால்தான் என்று முடிவானதும்
வலமா இடமா என்று வாக்கெடுப்பு.
இடம், ஒன்பதுக்கு ஏழு.
ஒர்வோக்கி கை தூக்கவில்லை.
அந்த நேரத்தில் அவள் உறுப்பினரா என்பதில்
அவளுக்கே ஐயம் இருந்தது.

பதினோராம் எண்ணுக்கு நேரே எழுதினேன்:
கால்.

ஆறாவது பொருள், தைஸ்தோவின் தீர்மானம்.
மேற்கத்திய இனக் காளையின் உறைவிந்தை
ஒரே ஒரு தலைமுறைக்கு அனுமதிக்கலாம்.
மூன்று குளிர்காலம் வீடு வீடாகப் போய்ப் பேசியிருந்தான்,
பால் கணக்கெல்லாம் அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்திருந்தான்.
ஆதரவு எட்டு. எதிர்ப்பு எட்டு.
எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

அவள் அந்த வரிசையைப் பின்னி முடித்தாள்.
பிறகு ஊசியோடு கையை உயர்த்தினாள்,
எதிர்ப்புக்கு.

பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றினார்.
தைஸ்தோ அட்டையைச் சுருட்டினான்;
பசை காய்ந்த தாளொன்று கழன்று விழுந்தது, எடுக்கவில்லை.
நாற்காலிகளை அடுக்கும்போது
அவளருகே வந்து நின்றான். இப்போது ஜன்னலைப் பார்க்கவில்லை.

"ஏப்ரலில் குளம்பு சீவணும்.
மூணு காலை நான் பார்த்துப்பேன்."

நூல்கண்டைப் பைக்குள் திணித்து,
ஊன்றுகோலைத் தேடி எடுத்து,
கதவுவரை போய்த்தான் பதில் சொன்னாள்:
"பனி உருகட்டும்."

பேரேட்டை மூடினேன்.
வானிலைப் பேச்சைக் குறிப்பில் சேர்ப்பதில்லை.