118 முதல் 180 வரை

வாளையாறு எடைமேடைக்குத் தபாலில் வந்த 181ஆம் இதழில்
இரண்டாம் பக்கம், கட்டம் கட்டிய அறிவிப்பு:
‘118 முதல் 180 வரை நடந்தவை
வெள்ளித்தொப்பி கண்ட காய்ச்சல் கனவு.
அல்லி அணையிலிருந்து விழவே இல்லை.
வாசகர்கள் பொறுத்தருள்க.’

அறுபத்து மூன்று புத்தகம்.
வருஷத்துக்கு மூன்று, தீபாவளி மலர் வந்தால் நான்கு.
பதினெட்டு வருஷக் காய்ச்சல்.
எங்கள் ஊர் டெங்குவே ஒன்பது நாளில் இறங்கிவிடும்.

முதலில் கத்தியவன் சென்னியப்பன்.
தவிட்டு லாரியை மேடைமேலேயே நிறுத்திவிட்டு
இறங்கி வந்து படித்தான்.
பின்னால் ஆறு வண்டிகள் ஹாரன் அடித்தன.
“மொதலாளி பையனுக்குக் கதை எழுத வரலீன்னா
கடையச் சாத்தீட்டுப் போறது.”
118 வந்த மாதம் பிறந்த மகளுக்கு
அல்லி என்று பேர் வைத்தவன் அவன்.

ஹக்கீம் ராவுத்தர் சத்தம் போடவில்லை.
புதுநகரம் வீட்டுப் பரணிலிருந்து அத்தனையும் இறக்கி
அட்டை விலைகளைக் கூட்டினார்.
நாலாயிரத்து எழுநூற்றுப் பதினைந்து.
பதிப்பகத்துக்கு ஒரே வரியில் கடிதம்:
‘கனவுக்குக் காசு வாங்குவது எந்த ஊர் வழக்கம்?’

வர்கீஸ் சந்தோஷப்படுவான் என்று நினைத்தோம்.
கஞ்சிக்கோட்டு இரும்பாலைக்காரன்.
இந்தப் புத்தகத்தில்தான் தமிழைக் கூட்டிப் படித்தான்,
ழ மட்டும் முதல்நாளே எங்களைவிடச் சுத்தம்.
வருஷா வருஷம் கார்டு போட்டவன்,
அல்லியைத் திருப்பித் தாருங்கள் என்று.
தந்துவிட்டார்கள்.
அவள் சிரிக்கும் கட்டத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு
“நம்ம அழுதது இவளுக்குத் தெரியாதல்லோ” என்றான்.

என் இதழ் 139.
ஆற்றங்கரையில் வெள்ளித்தொப்பி
அவளுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றப் பார்ப்பான்.
பதினொரு கட்டம், வசனமே இல்லை, காற்று.
கடைசிக் கட்டத்தில் காலித் தீப்பெட்டி.
கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரி வராந்தாவில்
அப்பாவின் காலை எடுத்த ராத்திரி
விடியும்வரை அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் வைத்திருந்தேன்.
அது நடக்கவில்லை என்கிறார்கள்.
அப்பாவும் அதற்கப்புறம் நடக்கவில்லை.

இந்த ஊரில் செக்போஸ்ட்டையும் இப்படித்தான்
ஒரு நள்ளிரவில் இல்லை என்றார்கள்.
தடுப்புக் கட்டையைத் தூக்கி ஓரமாய்ப் போட்டார்கள்.
வரிசையில் மூன்று நாள் கிடந்து
வாழைத்தார் பழுத்துச் சொட்டிய லாரிக்காரர்களுக்கு
அந்த மூன்று நாளை
யாரும் திருப்பித் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வண்டி வராத மத்தியானம்.
திருப்பி அனுப்பக் கட்டிய சாக்கோடு ராவுத்தர் வந்தார்.
“எவ்வளவு கனம், பாரு.”
மேடை லாரிக்கானது,
இருபது கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
சாக்கை மட்டும் வைத்தால் சுழி.
சாக்கோடு நாலு பேரும் ஏறி நின்றோம். 280.
சாக்கை இறக்கிவிட்டு நின்றோம். 280.
பழக்கதோஷம், சீட்டு அடித்துவிட்டேன்:
நிகர எடை 0.
ராவுத்தர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.
சாக்கை அனுப்பவில்லை.

அப்பனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அல்லி
181ஐ நின்றபடியே புரட்டினாள்.
செத்தவள் பேர் தனக்கென்று
அவளுக்குத் தெரியும் என்பது
அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

“இதுல இவ சாக மாட்டாளா?”
மாட்டாள் என்றோம், நாலு குரலில்.
“அப்ப அணையிலிருந்து விழுந்தது யாரு?”

வர்கீஸ் வாயைத் திறந்தான், மூடினான்.
பாலக்காட்டு பஸ் வந்தது.
தூக்குப்போசியை அப்பன் கையில் திணித்துவிட்டு
புத்தகத்தோடு ஏறிவிட்டாள்.
எங்களில் ஒருவரும் இன்னும்
மூன்றாம் பக்கத்தைத் தாண்டியிருக்கவில்லை.