நடுப்புள்ளி, ஐந்து தடவை

காரைக்குடி தாண்டி தகரக் கூரைக்கடியில்
ஒரு மூணு சிலிண்டர் கேஸ் எஞ்சின்.
வேகம், சுமை, தீப்பொறியின் முந்தல், கலவை:
நாலு திருகு, ஒவ்வொன்றிலும் ஐந்து நிலை.
பெருக்கினால் அறுநூற்று இருபத்தைந்து.
ஒரு புள்ளி அடங்க ஒன்பது நிமிடம்.
எங்களுக்குக் கிடைத்ததோ மூன்று பகல்.

ஆகவே இரண்டு தாள்கள்,
தாளுக்கு நாற்பத்தெட்டு ஓட்டம்.
முதல் தாள் மூலைகளில் போய் நிற்கும்;
வளைவு எப்படியிருக்கும் என்று
முன்பே முடிவு செய்துவிட்ட தாள்.
மற்றது எதையும் முடிவு செய்யாமல்
எள்ளைத் தூவியதுபோல் இடமெல்லாம் கிடக்கும்.

சேவுகன் தாளைத் திருப்பிப் பார்த்தார்.
"ஆயிரத்து நூறு, அப்புறம் நாலாயிரம், மறுபடி ஆயிரத்து முந்நூறு.
சீட்டுக் கலைச்ச மாதிரியில்ல இருக்கு?"
கலைத்ததுதான்.
வரிசையாய் ஏறினால்
பன்னிரண்டு மணி வெயில்
வேகத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு
அட்டவணையில் வந்து உட்கார்ந்துவிடும்.

நடுப்புள்ளியை மட்டும் ஐந்து தடவை கேட்டோம்.
காலை 241. பதினொரு மணிக்கு 243.
இரண்டு மணிக்கு 248. பிறகு 247. விளக்கு வைக்கையில் 242.
அதே திருகு, அதே கை.
இந்த ஏழு கிராம் யாருடையது?
சிவகங்கைச் சீமையின் மே மாதத்துடையது.

இரண்டு மூலைகளில் எஞ்சின்
தகர டப்பாவில் கல்லாய்த் தட்டியது. நிறுத்தினோம்.
மூலையை நம்பிய தாள்
கால் உடைந்த நாற்காலியானது.
எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. எள் தாள் என்னுடையது.

மூன்றாம் நாள், இரண்டு தாளும் பார்த்திராத இருபது புள்ளிகள்.
நாற்காலி தவறியது 2.1. எள் தவறியது 1.9.
ஏழு கிராம் ஆடும் ஊரில்
இந்தப் புள்ளி இரண்டை வைத்து
யாருக்கு மாலை போடுவது?
'எது மேல்' என்ற கட்டத்தில்
'தெரியவில்லை' என்று எழுதினேன், உமையாள் என்று கையெழுத்திட்டேன்.

சேவுகன் கை துடைத்துக்கொண்டே சொன்னார்:
"புதுவயல் மில்லுல மூட்டை ஏத்திக்கிட்டு
இந்த வண்டி ரயில்வே கேட்டுல நிக்கும்ல,
மதியம், அணைக்காம, கால்மணி நேரம்.
அது எந்தத் தாள்ல இருக்கு?"

எதிலும் இல்லை.
எங்கள் எல்லைக்கோடு ஆயிரத்து நூறில் தொடங்குகிறது.
அது எண்ணூற்றைம்பதில் நிற்கும்.

வாடகை முடிய இருபது நிமிடம்.
கடைசி வரிக்குக் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்தேன்.
அவர் த்ராட்டிலை விட்டார்.
ஊசி இறங்கி, நடுங்கி,
இன்னும் அடங்கவில்லை.